சமையலறையில் எத்தனை அடி நடக்கிறோம்?



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண் போன வாரம் போன் செய்தாள். புது வீடு கட்டுகிறார்கள். "டீச்சர், எல்லாரும் மாடுலர் கிச்சன் போடச் சொல்றாங்க. போட்டா சாமானெல்லாம் ஒழுங்கா இருக்குமா, வேலை குறையுமா?" என்று கேட்டாள். போடு, போடாதே என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் வாத்தியாரம்மாவிடம் கேட்டால் பாடம் நடத்தாமல் விடுவாளா? அந்த மாடுலர் கிச்சனுக்கு ஒரு பாட்டியும் கொள்ளுப்பாட்டியும் இருக்கிறார்கள். அவர்கள் கதையை உங்கள் எல்லாருக்குமாகச் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். காபி குடித்துக்கொண்டே படியுங்கள்.

கொள்ளுப்பாட்டி அமெரிக்காவைச் சேர்ந்த கேத்தரின் பீச்சர். 1800இல் பிறந்தவர். இவரும் டீச்சர்தான் என்பதில் எனக்கு ஒரு பெருமை. 1823இல் ஹார்ட்ஃபோர்ட் நகரில் பெண்களுக்காகப் பள்ளி தொடங்கினார். 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாவலை எழுதிய ஹேரியட் பீச்சர் ஸ்டோவ் இவருடைய தங்கை. அக்காவும் தங்கையும் சேர்ந்து 1869இல் வீட்டு நிர்வாகம் பற்றி ஒரு பெரிய புத்தகம் போட்டார்கள். அதில் கேத்தரின் கேட்ட கேள்வி மிக எளிமையானது. கப்பலில் இத்தனூண்டு இடத்தில் ஒரு சமையல்காரர் அவ்வளவு பேருக்குச் சமைத்துப் போடுகிறாரே, எப்படி? ஓரிரு அடி எடுத்து வைத்தால் எல்லாம் கைக்கு எட்டுகிறது, அதனால்தான். அன்றைய அமெரிக்க வீடுகளிலோ மாவு ஒரு மூலையில், தண்ணீர் இன்னொரு மூலையில், அடுப்பு வேறெங்கோ. பெண்கள் நாள் முழுக்க நடந்தார்கள். கேத்தரின் வரைந்து காட்டிய சமையலறையில் மாவுப் பீப்பாய் மேடைக்கு அடியிலேயே இருந்தது. பக்கத்தில் தொட்டி, மேலே அலமாரி, ஜன்னல் வெளிச்சம். இன்று நாம் சமையல் மேடை என்று சொல்வதன் முதல் படம் அது என்றே சொல்லலாம்.

இதற்குப் பிறகு, ஃபிரடெரிக் டெய்லர் என்ற என்ஜினீயர் தொழிற்சாலைகளில் கையில் ஸ்டாப்வாட்ச்சோடு நின்று, ஒரு தொழிலாளி எத்தனை நொடியில் எதைச் செய்கிறான் என்று அளந்தார். 1911இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். முதலாளிகளுக்குக் கொண்டாட்டம், தொழிலாளிகளுக்குத் திண்டாட்டம். அந்தக் கதைக்குள் இப்போது போகவில்லை. நமக்கு வேண்டியது, அதே கடிகாரத்தைச் சமையலறைக்குள் கொண்டுவந்த கிறிஸ்டின் ஃபிரடெரிக் என்ற பெண்மணி. 1912இல் ஒரு பெண்கள் பத்திரிகையில் தொடர் எழுதி, மறுவருடம் நூலாக்கினார். பாத்திரம் கழுவும்போது தொட்டி தாழ்வாக இருந்தால் முதுகு எவ்வளவு வளைகிறது, கழுவியதை வைக்கும் பலகை எந்தக் கைப்பக்கம் இருக்க வேண்டும் என்றெல்லாம் பார்த்தார். சமைக்கத் தேவைப்படுவது ஒரு கூட்டம், சாப்பிட்டபின் ஒழுங்கு செய்யத் தேவைப்படுவது ஒரு கூட்டம், இரண்டையும் கலக்காதே, வேலை நடக்கும் வரிசையில் சாமானை அடுக்கு என்பது அவர் பாடம். பிள்ளைகளே, வீட்டை ஒழுங்குபடுத்துவது பற்றி இன்று யூடியூபில் வருகிற வீடியோக்களில் பாதி இந்த அம்மையாரின் பாடம்தான்.

அந்தப் புத்தகம் ஜெர்மன் மொழிக்குப் போயிற்று. அங்கே அதைப் படித்த ஓர் இளம்பெண்தான் நான் சொன்ன 'பாட்டி'. மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி. 1897இல் வியன்னாவில் பிறந்தவர். ஆஸ்திரியாவில் கட்டடக்கலை படித்த முதல் பெண்களில் ஒருவர்.

முதல் உலகப்போருக்குப் பிறகு ஜெர்மனியில் வீட்டுப் பஞ்சம். ஃபிராங்ஃபர்ட் நகரில் எர்ன்ஸ்ட் மே என்ற கட்டடக்கலைஞர் தலைமையில் ஆயிரக்கணக்கான வீடுகளை நகராட்சி கட்டியது. சிறிய வீடுகள், குறைந்த வருமானக் குடும்பங்கள். அதுவரை அந்த மாதிரிக் குடும்பங்களில் சமைப்பது, சாப்பிடுவது, துணி காயப்போடுவது, ராத்திரி படுப்பது எல்லாம் ஒரே அறையில் நடக்கும். புகையும் ஈரமும் அதற்குள்ளேயே. 1926இல் சமையலறையைத் தனியாக வடிவமைக்கும் பொறுப்பு மார்கரெட்டேயிடம் வந்தது. அப்போது அவருக்கு இருபத்தொன்பது வயது. அதற்கு முன் தான் சமைத்ததே இல்லை என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்!

அவர் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று ரயில் உணவுப் பெட்டியின் சமையலறை. கேத்தரினுக்குக் கப்பல், இவருக்கு ரயில். அவர் அமைத்த அறை ஏறக்குறைய 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். நம் கணக்கில் ஆறேகால் அடிக்குப் பதினோரு அடி. அதற்குள் என்னென்ன வைத்தார் தெரியுமா? ஜன்னலுக்கு நேராகக் காய் நறுக்கும் மேடை. அதில் உட்கார்ந்து வேலை செய்யச் சுழலும் ஸ்டூல். நறுக்கியதும் தோலையும் குப்பையையும் கையால் தள்ளினால் விழுகிற மாதிரி மேடையிலேயே ஓர் இழுப்பறை. கழுவிய தட்டுகள் தானாக வடிய ரேக். சுவரில் மடக்கி வைக்கும் இஸ்திரி பலகை. தேவையான பக்கம் நகர்த்திக்கொள்ளும் விளக்கு. அலமாரிகளுக்கு நீலச் சாயம், ஈ உட்காராது என்ற நம்பிக்கையில். மாவு வைக்கும் இழுப்பறை மட்டும் ஓக் மரத்தில், புழு வராமலிருக்க.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த அலுமினிய டப்பாக்கள். இழுப்பறை போலவே வரிசையாகச் செருகியிருக்கும். ஒரு பக்கம் கைப்பிடி, மறு பக்கம் ஊற்றுவதற்கு மூக்கு. உருவி எடுத்து அப்படியே பாத்திரத்தில் கொட்டலாம். மூடி திறக்க வேண்டாம், கரண்டி தேட வேண்டாம். அரிசி, சர்க்கரை என்று ஒவ்வொன்றின் மேலும் பெயர் பொறித்திருந்தது. படத்தைப் பார்த்ததும் எனக்கு நினைவு வந்தது நம் அஞ்சறைப்பெட்டி. நம்முடையதில் பெயர்கூடக் கிடையாது. கடுகு எந்தக் குழியில், சீரகம் எந்தக் குழியில் என்று கைக்கே தெரியும். எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போது ஒரே மூடியைத் திறந்து தாளிதம் முழுவதையும் முடித்துவிடலாம். எந்த என்ஜினீயரும் கடிகாரம் வைத்துக் கண்டுபிடித்ததல்ல அது.

இப்படிச் சுமார் 10,000 சமையலறைகள் ஃபிராங்ஃபர்ட்டில் பொருத்தப்பட்டன. எல்லாம் மொத்தமாகச் செய்து கொண்டுவந்து மாட்டியவை. மாடுலர் கிச்சனின் வம்சம் இங்கேதான் தொடங்குகிறது. நியூயார்க்கிலும் லண்டனிலும் மியூசியங்களில் இன்று அதை வைத்திருக்கிறார்கள்.

ஆனால் குடிவந்த பெண்கள் உடனே கைதட்டிவிடவில்லை. இதைத்தான் நீங்கள் கவனித்துப் படிக்க வேண்டும். அறை ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. இரண்டாவது ஆள் உள்ளே வந்தால் இடிக்கும். மகளோ மாமியாரோ கூட நின்று உதவ முடியாது. கீழ் வரிசை டப்பாக்கள் குழந்தைகள் கைக்கு எட்டின. என்ன நடந்திருக்கும் என்று பேரப்பிள்ளை உள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 'சர்க்கரை' என்று பொறித்த டப்பாவில் வேறெதையோ போட்டு வைத்தார்கள். அவரவர் வீட்டில் எது எவ்வளவு புழங்கும் என்பது அவரவருக்குத்தானே தெரியும்?

பிற்காலத்தில் இன்னும் கடுமையான விமர்சனம் வந்தது. 1970களில் பெண்ணியம் பேசியவர்கள், இது வேலையைக் குறைக்கவில்லை, பெண்ணைத் தனியாக ஒரு பெட்டிக்குள் வைத்து மூடியது என்றார்கள். மார்கரெட்டே நினைத்தது நேர்மாறானது. வேலைக்குப் போகும் பெண் வீட்டு வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டுத் தனக்கென்று நேரம் வைத்துக்கொள்ளட்டும் என்றே அவர் அடியடியாக அளந்தார். கூடத்தில் விளையாடும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தள்ளுகதவும் வைத்தார். என் கருத்தைக் கேட்டால், இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. அந்த அளவுகள் அத்தனையும் ஒரே ஓர் ஆளின் கைக்கும் காலுக்கும் எடுத்தவை. அந்த ஓர் ஆள் யார் என்று யாரும் கேட்கவே இல்லை. கேட்காமலே எல்லாருக்கும் பதில் தெரிந்திருந்தது.

(இந்த அம்மையாரைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. ஹிட்லருக்கு எதிரான ரகசிய இயக்கத்தில் சேர்ந்தார். 1941இல் வியன்னாவில் பிடிபட்டார். பதினைந்து ஆண்டுச் சிறைத்தண்டனை. 1945இல் போர் முடிந்தபோது வெளியே வந்தார். 2000 ஜனவரியில், 103ஆவது பிறந்தநாளுக்குச் சில நாட்கள் முன்பு காலமானார். இத்தனை பெரிய வாழ்க்கையில் தன்னைச் சமையலறையை வைத்தே எல்லாரும் பேசுகிறார்களே என்ற அலுப்பு அவருக்கு உண்டு.)

அமெரிக்காவில் அதே காலத்தில் லில்லியன் கில்பிரெத். பன்னிரண்டு பிள்ளைகளின் தாய், தொழிலியல் நிபுணர். கணவர் 1924இல் இறந்தபின் தொழிற்சாலைகள் ஒரு பெண்ணிடம் வேலை ஒப்படைக்கத் தயங்கின. அவர் தன் படிப்பைச் சமையலறைப் பக்கம் திருப்பினார். கேக் ஒன்று செய்ய 281 அடி நடக்க வேண்டியிருந்ததை, சாமான்களை இடம் மாற்றியே 45 அடியாகக் குறைத்துக் காட்டினார். காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத் தொட்டி, ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும் தட்டுகள் இரண்டும் அவர் யோசனை என்கிறார்கள். அவர் வீட்டிலும் சமைக்க ஆள் இருந்தது! சமைத்துப் பழகாதவர்கள் எப்படிச் சரியாகக் கண்டுபிடித்தார்கள் என்று முதலில் சிரிப்பாக இருந்தது. யோசித்தால் நியாயம்தான். தினமும் நடக்கிறவள் அடியை எண்ண மாட்டாள். பழகிப்போய்விடும்.

இனி, கிறிஸ்டின் ஃபிரடெரிக் அம்மையாரிடம் திரும்பி வருகிறேன். வேலையைச் சுருக்கு, முதுகைக் காப்பாற்று என்று எழுதியவர் 1929இல் இன்னொரு புத்தகம் எழுதினார். இது பெண்களுக்கு அல்ல, கம்பெனிக்காரர்களுக்கும் விளம்பரக்காரர்களுக்கும். குடும்பப் பெண்ணிடம் எப்படிச் சாமானை விற்பது என்பதுதான் விஷயம். பழையது தேய்ந்து உடையும்வரை காத்திருக்காமல் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை வாங்கும் பழக்கத்தை அதில் புகழ்ந்து எழுதியிருக்கிறார். வீட்டை ஒழுங்குபடுத்தக் கற்றுக்கொடுத்தவரும், வீட்டை நிரப்பக் கற்றுக்கொடுத்தவரும் ஒரே ஆள். இன்றும் அப்படித்தான். அடைசலைக் குறையுங்கள் என்று வீடியோ போடுகிறவர்கள், முடிவில் இருபத்துநாலு கண்ணாடி ஜாடி வாங்க லிங்க் கொடுக்கிறார்கள்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். நம் பாட்டிமார் உட்கார்ந்து சமைத்தவர்கள். அரிவாள்மனை, அம்மி, அடுப்பு எல்லாம் தரையில். உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டும் வட்டத்தில் வேலை நடக்கும். புகையையும் முழங்கால் வலியையும் நான் மறக்கவில்லை. அந்தக் காலமே சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. கேஸ் அடுப்பு வந்ததும் மேடை வந்தது, நாம் எழுந்து நின்றோம். அந்த மேடையின் உயரத்தை யார் முடிவு செய்தது? பெரும்பாலும் கொத்தனார். கிறிஸ்டின் 1913இல் எழுதிய விஷயத்தை, சமைக்கப்போகிறவளை நிற்க வைத்து அளந்து பார்ப்பதை, இன்றும் பல வீடுகளில் செய்வதில்லை.

சாமான் சேர்வதில் நமக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. பெயர் பொறித்த எவர்சில்வர். கல்யாணம், கிரகப்பிரவேசம், வளைகாப்பு என்று வந்த குடம், தாம்பாளம், அடுக்கு எல்லாவற்றிலும் மாமா பெயர், சித்தப்பா பெயர், தேதியோடு. ஒரு வருடம் தொடாததைக் கொடுத்துவிடு என்று சுலபமாகச் சொல்கிறார்கள். காலமாகிவிட்ட பெரியப்பா பெயர் போட்ட குடத்தை எடைக்குப் போட யாருக்கு மனம் வரும்? எங்கள் வீட்டுப் பரணில் அப்படி நிறைய இருக்கிறது. நான் அதைத் தூக்கிப் போடவும் இல்லை, கீழே வைத்துக்கொண்டு தடுக்கி விழவும் இல்லை. தினமும் புழங்குவது இடுப்புக்கும் கண்ணுக்கும் இடையில். வாரம் ஒருமுறை எடுப்பது அதற்குக் கீழே. பெயர் பொறித்தவை பரணில், ஒரு தாளில் பட்டியல் எழுதி ஒட்டி. காபிப்பொடி, ஃபில்டர், சர்க்கரை, டம்ளர் நான்கும் அடுப்புக்கு இடதுபக்கம் ஒரே தட்டில். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

போன் செய்த பெண்ணுக்கு நான் சொன்னது இதுதான்: மாடுலர் போடு, போடாமல் இரு, அது உன் பணம். மேடை கட்டும் நாளில் நீயும் உன் வீட்டுக்காரரும் இரண்டு பேருமாகப் போய் நின்று உயரம் பாருங்கள். இரண்டு பேர் ஒருவரையொருவர் இடிக்காமல் நிற்க இடம் விடச் சொல். டப்பா வாங்குவதை எல்லாவற்றுக்கும் கடைசியில் வைத்துக்கொள்.

மற்றவர்களுக்கு வீட்டுப்பாடம். (ரிட்டயர் ஆனாலும் கொடுப்பேன்.) நாளைக் காலை உங்கள் வீட்டில் இரண்டு டம்ளர் காபி போட எத்தனை அடி நடக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணி, கீழே கமெண்டில் எழுதுங்கள். ஒரு நிபந்தனை: தினமும் காபி போடுகிறவர் நாற்காலியில் உட்கார்ந்து எண்ணட்டும். நடப்பது வீட்டில் மற்றவர்.