ஓரியூர் முதல் கணினித் திரை வரை: நாள் குறிக்கும் கணக்கு

புனித அருளானந்தர் ஓரியூர் மணல்மேட்டில் தலை வெட்டுண்டு மறைசாட்சியாக மரித்த நாள் 1693 பிப்ரவரி 4. அன்று திருநீற்றுப் புதன். அவ்வாண்டு உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 22-இல் வந்தது. அதனினும் முந்தி அவ்விழா வர இயலாது. அதே நாளில் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆங்கிலேய எழுத்தர் தம் நாட்குறிப்பைத் திறந்திருப்பாராயின், '25 ஜனவரி 1692' என்றே தேதியிட்டிருப்பார். நாள், மாதம், ஆண்டு ஆகிய மூன்றுமே வேறு. அவருக்கு அன்று திருநீற்றுப் புதனும் அன்று. அதற்கு இன்னும் ஐந்து வாரங்கள் இருந்தன. சேதுபதிச் சீமையின் குடியானவர்க்கோ அது ஆங்கீரச வருடத்துத் தை மாதம். மூவர்க்கும் பொதுவாக நின்றது புதன்கிழமை ஒன்றே.

இம்முரண்பாட்டின் வேர் உரோமையில் இருக்கிறது. யூலியன் நாட்காட்டியின் ஆண்டு, சூரிய ஆண்டினும் ஏறத்தாழப் பதினொரு நிமிடம் நீண்டது. நீசேயாப் பொதுச்சங்கம் கூடிய 325-ஆம் ஆண்டில் மார்ச் 21-ஐ ஒட்டி நிகழ்ந்த சமபகலிரவு, பதினாறாம் நூற்றாண்டில் மார்ச் 11-க்கு நகர்ந்துவிட்டது. உயிர்ப்பு விழா அதைப் பற்றியே கணிக்கப்படுவதால், திருச்சபைக்கு இது வெறும் வானநூல் ஐயமாக இருக்கவில்லை. லிலியஸ் என்னும் மருத்துவர் வகுத்த திட்டத்தை இயேசு சபைக் கணித மேதை கிளாவியுஸ் விளக்கி நிலைநிறுத்த, திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரியார் 1582 பிப்ரவரியில் ஆணை பிறப்பித்தார். அக்டோபர் 4 வியாழனுக்கு அடுத்த நாள் அக்டோபர் 15 வெள்ளி ஆயிற்று. அவிலா நகர்ப் புனித தெரேசா இறந்தது அந்த இரவில்தான். மறுநாள் அடக்கம் செய்யப்பட்டார். அந்த மறுநாள் பதினைந்தாம் தேதி! அவரது திருநாளை நாம் அக்டோபர் 15-இல் கொண்டாடுவது இவ்வாறு நேர்ந்ததே.

உரோமை சொன்னது என்பதாலேயே இங்கிலாந்து 170 ஆண்டுகள் இதனை ஏற்காதிருந்தது. அந்நாட்டில் ஆண்டு தொடங்கியதும் மார்ச் 25-இல். எனவேதான் ஓரியூர் நிகழ்ச்சி அவர்தம் ஏடுகளில் 1692-க்குள் அடங்கும். இறுதியில் 1752-இல் அவர்களும் இணங்கினர்; செப்டம்பர் 2-க்குப் பின் செப்டம்பர் 14 வந்தது. யூனிக்ஸ் வகைக் கணினிகளில் 1752 செப்டம்பர் மாத நாட்காட்டியைக் கேட்டால், இன்றும் நடுவே பதினொரு நாட்கள் இல்லாமலே திரையில் தோன்றும்.

கணினி மொழிகளுக்குள் இவ்விஷயத்தில் ஒருமைப்பாடு இல்லை. ஜாவா மொழியின் பழைய நாட்காட்டிப் பகுதி திருத்தந்தையின் பெயரையே தாங்கி, 1582 அக்டோபர் 15-ஐ எல்லையாகக் கொள்கிறது. இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட்டோ புதிய கணக்கையே பின்னோக்கி நீட்டி, உரோமையில் விடியாத 1582 அக்டோபர் 10-ஐயும் தயங்காமல் ஏற்கும். மாதங்களை அது சுழியத்திலிருந்து எண்ணுவதால் பிப்ரவரி அதற்கு 1. யாருக்கு இது வசதியோ!

நம் முன்னோர் இதில் தெளிவாகவே இருந்தனர். பழைய பத்திரங்களில் நாளுக்கு ௳, மாதத்திற்கு ௴, வருடத்திற்கு ௵ என்று தனித்தனிக் குறி இட்டனர். எந்த எண் எதைச் சுட்டுகிறது என்ற ஐயத்திற்கு அங்கே இடமில்லை. அக்குறிகளை நாம் கைவிட்டுச் சாய்கோடு இரண்டை வைத்துக்கொண்டோம்.

பங்குப் பதிவேடுகள் கணினியில் ஏறும் இந்நாளில் அதன் விலை தெரிகிறது. மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டிப் பக்கத்தில் பிறந்த ஒருவர் அமெரிக்காவில் திருமணம் செய்ய ஞானஸ்நானச் சான்று கேட்கிறார் என்று கொள்வோம். 03/04/1975 என்று அச்சிட்டு அனுப்பினால், இங்கே அது ஏப்ரல் 3. அங்கே மார்ச் 4. கடவுச்சீட்டும் சான்றும் முரண்பட்டால் அலைச்சல் அவருக்குத்தான். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையை 1988-இல் வெளியான ஐஎஸ்ஓ 8601 என்னும் அனைத்துலகத் தரம் வகுத்தது இக்குழப்பம் தீரவே. மாதத்தை எழுத்தால் எழுதுவது அதனினும் எளிய வழி.

இன்னொரு இடர் கண்ணுக்குப் புலப்படாதது. 1906 தொடங்கி இந்தியாவின் நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. அதற்கு முன் இரயில்கள் ஓடிய சென்னை நேரம் ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முந்தியிருந்தது. கணினிகள் பெரும்பாலும் 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து உலகப் பொது நேரத்தில் நொடிகளை எண்ணுகின்றன. அதற்கு முற்பட்ட நாள் குறையெண்ணாகும். கொட்டாம்பட்டியில் ஒருவர் பிறந்த நாளாக 'ஏப்ரல் 3' என்று மட்டும் பதிகிறார். செயலி அதை இந்திய நள்ளிரவு என்று கொண்டு பொது நேரத்திற்கு மாற்ற, ஏப்ரல் 2 மாலை 6.30 ஆகிவிடுகிறது. பின்னர் மணியை விட்டுத் தேதியை மட்டும் அச்சிட்டால், பிறந்த நாள் ஒன்று குறைந்து நிற்கும். பதிவேட்டில் பிழையில்லை, பதிந்தவர் மீதும் பிழையில்லை.

பிறந்த நாளும் ஞானஸ்நான நாளும் ஒரு கணப்பொழுதைக் குறிப்பவை அல்ல. நாட்காட்டியில் ஓர் இடத்தைக் குறிப்பவை. அவற்றை மணியோடு பிணைக்காமல் தனித் தேதியாகவே சேமிக்க வேண்டும். இணையத்தில் நேரலையாகும் திருப்பலிக்கோ மணியும் வேண்டும், எவ்வூர் மணி என்பதும் வேண்டும். மாலை 6 மணித் திருப்பலியைச் சிங்கப்பூரில் இருப்பவர் இரவு 8.30-க்குக் காண வேண்டுமல்லவா? இவ்விரண்டையும் ஒரே கட்டத்தில் இடும் செயலிகளைப் பங்கு அலுவலகங்கள் ஏற்குமுன், பழைய ஏட்டிலிருந்து பத்துத் தேதிகளையேனும் பதிந்து, அச்செடுத்து, ஏட்டோடு ஒப்புநோக்குவது நல்லது.