மோட்பஸ்

1979-இல் மோடிகான் நிறுவனம் தன் பி.எல்.சி.க்களுக்காக (ஆலை எந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கணினிகள்) வகுத்த தகவல் நெறிமுறை. ‘மோடிகான்’ என்பதே ‘மாடுலர் டிஜிட்டல் கன்ட்ரோலர்’ என்பதன் சுருக்கம். அதன் தலையோடு ‘பஸ்’ சேர்ந்தது. ‘எல்லோருக்கும்’ எனப் பொருள்படும் ‘ஆம்னிபஸ்’ என்ற லத்தீன் சொல்லின் வால்தான் பஸ். தனியே பொருளில்லாத வெறும் வேற்றுமை உருபு! நாம் ஏறும் பஸ்ஸும் அதுவே.

ஒரே கம்பியில் இணைந்த கருவிகளில் கேட்பது ‘மாஸ்டர்’, மற்றவை ‘ஸ்லேவ்’கள் எனப்பட்டன; மாஸ்டர் கேட்டாலொழிய ஸ்லேவ்கள் வாய் திறவா. அவற்றின் முகவரி 1 முதல் 247 வரை. 2020-இல் மோட்பஸ் அமைப்பு இச்சொற்களைக் கைவிட்டது. கேட்பது கிளையன்ட், பதில் சொல்வது சர்வர். ஆக, பழைய ஸ்லேவ்தான் இன்றைய சர்வர். குழப்பம் இருந்தாலும் நல்ல மாற்றமே. புதுக் கருவியைக் கன்ட்ரோலரில் சேர்க்கும்போது ரெஜிஸ்டர் (தரவு இருக்கும் இடம்) எண்ணிலும் கவனம் வேண்டும்: கையேட்டின் 40001, கம்பியில் 0 என்றே செல்லும்.