துண்டு, செக்ரோல், ரீலோட்: கேட்காமல் கழித்த காசின் கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. பிளேன்டீ ஒன்றை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை ஹட்டன் பஸ் நிலையத்தில் என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் தாய் மறித்தார். கொழுந்து பறிப்பவர். கையில் பட்டன் போன்.

"சேர், நேத்து நூறு ரூவா ரீலோட் போட்டேன். இப்ப நாப்பத்தி ரெண்டு ரூவாதான் இருக்கு. நான் யாருக்கும் பேசவே இல்ல."

போனை வாங்கிப் பார்த்தேன். ஒரு நாளைக்கு ஒன்றாக ராசிபலன் செய்தி, இன்னொன்று கிரிக்கெட் செய்தி. எல்லாம் இங்கிலீஷில். இரண்டுக்கும் காசு கழிந்துகொண்டிருந்தது. நான் ஒரு ஆசிரியர் சொல்லக்கூடாத பதிலைச் சொன்னேன். "நீங்கதான் எதையோ அமத்தியிருப்பீங்க அக்கா."

அவர் கோபப்படவில்லை. "அமத்துனா காசு போகும்னு யாரும் சொல்லலயே சேர்" என்றார்.

வெட்கமாகப் போய்விட்டது. அங்கேயே நின்று அந்த நிறுவனத்துக்கு அழைத்தேன். அரை மணி நேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஒருவர் பேசினார். இரண்டு சேவைகளையும் நிறுத்தினார். காசைத் திருப்பித் தரமுடியுமா என்று கேட்டேன். "அது எங்கள் சேவை அல்ல, வேறொரு கம்பனியின் சேவை. நாங்கள் அறவிட்டுக் கொடுப்பது மட்டும்தான்" என்றார்.

இந்தப் பதிலை நான் எங்கோ வாசித்திருக்கிறேனே என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். பிறகு ஞாபகம் வந்தது. வரலாற்றுப் பாடத்தில் நானே படிப்பித்ததுதான்.

கோப்பிக் காலத்திலிருந்து இந்த மலைகளுக்கு ஆட்களைக் கூட்டி வந்தவர்கள் கங்காணிமார். துரை கங்காணிக்கு முற்பணம் கொடுப்பார். கங்காணி அந்தக் காசில் ஊரில் ஆட்களின் சின்னக் கடன்களைத் தீர்த்து, வழிச்செலவு செய்து, தோட்டத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பார். வழியில் சாப்பிட்ட சோறு, ஏறிய கப்பல், போர்த்திய கம்பளி எல்லாம் அந்த ஆளின் கணக்கில் ஏறும். மலையில் முதல் நாள் வேலைக்கு நிற்கும்போதே அவர் கடன்காரர்.

கணக்கு யாரிடம் இருந்தது? கங்காணியிடம். எழுத வாசிக்கத் தெரியாத ஒருவரின் கடன், அவருக்குக் காட்டப்படாத ஒரு கொப்பியில் வளர்ந்தது. துரையிடம் போய்க் கேட்டால், அது உனக்கும் உன் கங்காணிக்கும் உள்ள விஷயம். கங்காணியிடம் கேட்டால், துரைக்கு நான் கடன்.

இதன் உச்சம்தான் 'துண்டு'. பெயர் சொல்வதுபோல அது ஒரு துண்டுக் கடதாசி. இந்தக் கங்காணியும் இவருடைய ஆட்களும் எனக்கு இவ்வளவு ரூபாய் தரவேண்டும், அதைத் தந்தால் இவர்களை விடுவிப்பேன் என்று துரை எழுதிக் கொடுப்பார். அதை எடுத்துக்கொண்டு கங்காணி வேறு தோட்டத்துக்குப் போவார். புதிய துரை பழைய கடனைக் கட்டுவார். கடன் தோட்டம் மாறும், ஆட்களும் அதோடு மாறுவார்கள். ஒவ்வொரு முறையும் தொகை கூடியிருக்கும். எதற்காகக் கூடியது என்று அந்த ஆட்களை யாரும் கேட்டதில்லை. கேட்காமல் தோட்டத்தை விட்டு ஓடினால்? 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி மறியல்.

இதை முடிக்க நெடுங்காலம் எடுத்தது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை அமைத்து, வேலையை விட்டுப் போனவரைச் சிறைக்கு அனுப்பும் சட்டத்தை எதிர்த்தார். இந்தியாவிலிருந்தும் நெருக்குதல் வந்தது. 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. 1923இல் வந்த சட்டத்தோடு, ஆள் திரட்டும் செலவை ஒரு பொது நிதியம் ஏற்றது. அதன் பிறகு வந்தவர் கடனில்லாமல் வந்து இறங்கலாம். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 1929இல் நடைமுறைக்கு வந்தபோது மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது 1941. அந்த ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் ஒரு எளிமையான விதியை எழுதிவைத்தது. சம்பளத்தைக் காசாக, வேலை செய்தவர் கையிலேயே கொடுக்கவேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கழிவுகளைத் தவிர வேறெதையும் கழிக்கக்கூடாது. அவற்றையும் தொழிலாளியின் சம்மதத்தோடுதான் கழிக்கவேண்டும்.

சம்மதம் என்ற அந்த ஒரு சொல் சட்டத்தில் ஏற எத்தனை தலைமுறை தேவைப்பட்டது என்று பாருங்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. சம்பளச் சீட்டை என் மாணவர்கள் வகுப்புக்குக் கொண்டுவருவார்கள். சேமலாப நிதி, சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம், தேயிலைத் தூள், கோயில் கணக்கு, டோபி, பாபர் என்று நீளும். சில சீட்டுகள் இங்கிலீஷில்தான் இருக்கும். தாய் தகப்பனுக்குப் பிள்ளைதான் வாசித்துக் காட்டும். ஆனாலும் சீட்டு என்று ஒன்று இருக்கிறது. எதற்கு எவ்வளவு என்று வரி வரியாக இருக்கிறது. பிழை இருந்தால் பிரட்டில் நின்று கேட்கலாம், தலைவரைக் கூட்டிக்கொண்டு ஒபிசுக்குப் போகலாம்.

என் பக்கத்துக் கதையையும் சொல்லவேண்டும். எங்கள் மூத்தாப்பா டவுனில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். தோட்டத்து ஆட்களுக்குக் கடன் கொப்பி. சம்பளச் சனிக்கிழமையில் ஒவ்வொருவரையும் முன்னால் நிற்கவைத்து, வரி வரியாகச் சத்தமாக வாசிப்பார். "பதினாலாந் தேதி அரிசி ரெண்டு கொத்து, சரியா?" அவர் தலையாட்டிய பிறகுதான் அடுத்த வரி. பின்னால் நிற்பவர்கள் சலித்துக்கொள்வார்கள். எல்லாக் கடைகளிலும் அப்படி நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். வாசிக்கத் தெரியாதவரின் கொப்பியில் ஒரு கோடு கூடப் போட்டவர்களும் எங்கள் கடைத்தெருவில் இருந்தார்கள். அதை மறைத்துவிட்டுக் கங்காணியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

இனி போனுக்கு வருவோம். இலங்கையில் கையடக்கத் தொலைபேசி 1989இல் வந்தது. அன்று அது கொழும்பில் பணக்காரர் சாமான். உலகத்தின் முதல் குறுஞ்செய்தி போனது 1992 டிசம்பர் 3ஆம் திகதி, இங்கிலாந்தில், ஒரு கிறிஸ்மஸ் வாழ்த்து. அந்த வாழ்த்தின் பேரப்பிள்ளைகள்தான் இன்று லயத்துக் காம்பராவில் ராசிபலன் சொல்லிக் காசு கழிக்கின்றன.

இதற்கு 'பெறுமதி சேர் சேவை' என்று பெயர். செய்தியைத் தயாரிப்பது ஒரு கம்பனி. அதை நம் போனுக்குக் கொண்டுவருவதும், நம் மீதியிலிருந்து காசை எடுப்பதும் தொலைபேசி நிறுவனம். எடுத்த காசை இருவரும் பங்கிடுவார்கள். திரையில் திடீரென ஒரு பெட்டி தோன்றும். அதை மூடுவதாக நினைத்து அமத்தினால் சேர்ந்தாயிற்று. மாதம் முடிந்து பில் வரும் இணைப்பிலாவது ஒரு வரி இருக்கும். முற்கொடுப்பனவு சிம்முக்கு அதுவும் வீட்டுக்கு வராது. செக்ரோலும் இல்லை, சீட்டும் இல்லை. மீதி குறைவதுதான் கணக்கு.

'நாங்கள் அறவிட்டுக் கொடுப்பது மட்டும்தான்' என்ற வாதம் அமெரிக்காவிலும் வைக்கப்பட்டது. அங்கே 2014 ஜூலையில் மத்திய வர்த்தக ஆணைக்குழு டி-மொபைல் நிறுவனத்துக்கு எதிராக வழக்கு வைத்தது. வாடிக்கையாளர் கேட்காத ராசிபலன், வதந்திச் செய்திகளுக்கு மாதம் 9.99 டொலர் வீதம் அறவிட்டு, அதில் 35 முதல் 40 சதவீதம் வரை நிறுவனமே வைத்துக்கொண்டது என்பது குற்றச்சாட்டு. அந்த ஆண்டு டிசம்பரில் குறைந்தது 9 கோடி டொலர் கொடுக்க நிறுவனம் இணங்கியது. ஏடி அண்ட் டி 10.5 கோடி, 2015இல் வெரைசனும் ஸ்பிரிண்டும் சேர்ந்து 15.8 கோடி. பங்கு வாங்கியவர் பொறுப்பையும் வாங்கவேண்டும் என்பதே அதன் சாரம்.

இந்தியாவில் டிராய் ஆணையம் 2011இலும் 2013இலும் உத்தரவு போட்டது. எந்தச் சேவையையும் தொடங்குமுன் வாடிக்கையாளர் இரண்டு முறை உறுதிப்படுத்தவேண்டும். ஒரு தடவை கைதவறி அமத்தினால் போதாது. மூத்தாப்பாவின் "சரியா?"வை இரண்டு தடவை கேட்கச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நம் நாட்டில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருக்கிறது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டமும் அதன் 1996ஆம் ஆண்டுத் திருத்தமும் அதற்கு ஆதாரம். பாவனையாளர் முறைப்பாட்டை விசாரிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. 1941ஆம் ஆண்டுச் சட்டம் போன் கம்பனியைக் கட்டாது, தெரியும். ஆனால் அந்த அக்கா ரீலோட் போட்ட நூறு ரூபாயும் சம்பளம்தான். 2021இல் நாளுக்கு ஆயிரம், 2024இல் 1,350 என்று வர்த்தமானியில் வருவதற்கு எத்தனை போராட்டம். அதிலிருந்து தோட்டம் ஐந்து சதம் கழித்தாலும் சம்மதம் வேண்டும். அதே காசு போனுக்குள் போனதும் சம்மதம் வேண்டாமா?

ஆகவே மூன்று விஷயம்.

ஒன்று: சம்மதம் கேட்பதானால் தமிழில் கேளுங்கள், விலையையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள். 

இரண்டு: காசை எடுத்த நிறுவனமே திருப்பிக் கொடுக்கட்டும். மற்றக் கம்பனியோடு கணக்குப் பார்ப்பது அதன் வேலை, கொழுந்து பறிப்பவரின் வேலை அல்ல.

மூன்று, நமக்கு: வீட்டிலுள்ள பெரியவர்களின் போனை இன்றைக்கே வாங்கிப் பாருங்கள். தினமும் ஒரே இலக்கத்திலிருந்து செய்தி வந்தால் நிறுவனத்துக்கு அழைத்து நிறுத்தச் சொல்லுங்கள். திகதி, தொகை, பேசியவரின் பெயர் மூன்றையும் எழுதி வையுங்கள். அவர்கள் தீர்க்காவிட்டால் ஆணைக்குழுவுக்கு எழுத்தில் முறைப்பாடு அனுப்புங்கள். "நீங்கதான் அமத்தியிருப்பீங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஒன்பதாம் ஆண்டு வகுப்பில் இதைப் பாடமாக எடுத்தேன். மறுநாள் சில பிள்ளைகள் தங்கள் அம்மாவின் போனிலும் இருந்தது என்று வந்து சொன்னார்கள். ஒரு பிள்ளை மட்டும் கேட்டது: "துண்டுல எவ்வளவு கடன்னு எழுதியாவது இருந்துச்சு. இதுல அதுவும் இல்லையே சேர்?"

அந்த அக்காவுக்காக முறைப்பாட்டுக் கடிதத்தைத் தமிழில் எழுதினேன். வரி வரியாக வாசித்துக் காட்டிய பிறகு அவர் கையெழுத்துப் போட்டார். போன திங்கட்கிழமை பதிவுத் தபாலில் போட்டாயிற்று. பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.