பூ, கனி, விதை: உறுப்புப் பெயர்களின் வரலாறு

பூ, கனி, விதை ஆகியவற்றின் உறுப்புகளைக் குறிக்கத் தமிழ்த் தாவரவியல் ஆளும் சொற்களில் பல, செய்யுளிலும் தோப்பிலும் நெடுங்காலம் வழங்கியவை. இருபதாம் நூற்றாண்டுக் கலைச்சொல் முயற்சிகள் அவற்றுக்குப் பொருள் வரையறுத்தன. பழஞ்சொல் கிடைக்காதபோது புதிது புனைந்தன.

தொல்காப்பிய மரபியல், புறத்தே வயிரம், அதாவது கெட்டியான பகுதி, உள்ளவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரம் உள்ளவற்றை மரம் என்றும் பகுக்கிறது. அதன்படி தென்னையும் பனையும் புல். மடல், ஓலை, பாளை, குலை ஆகியவை புல்லுக்கும், தளிர், அரும்பு, நனை ஆகியவை மரத்துக்கும் உரிய உறுப்புப் பெயர்கள். இன்றைய ஒருவித்திலை, இருவித்திலைப் பாகுபாட்டோடு இது முற்றும் பொருந்தாது என்றாலும், உறுப்பைக் கொண்டு இனம் பிரிக்கும் பார்வை அதில் தெளிவாக உண்டு. அரும்பு, போது, மலர், வீ எனப் பூவின் பருவங்களும் தனிப்பெயர் பெற்றன. தாமரையின் நடுவே விதைகள் பதிந்திருக்கும் மேடை பொகுட்டு எனப்பட்டது. புறவிதழுக்குப் புல்லி, அகவிதழுக்கு அல்லி என்ற பழைய வழக்கிலிருந்தே புல்லிவட்டமும் அல்லிவட்டமும் பிறந்தன.

பூவின் ஆணுறுப்பாகிய மகரந்தத்தாள், பெண்ணுறுப்பாகிய சூலகம் ஆகியவற்றின் வேலை விளங்கியது ஐரோப்பிய ஆய்வுகளால். ஜெர்மனியின் டியூபிங்கனில் தாவரவியலாளர் கமராரியஸ், ஆமணக்கில் ஆண் பூக்களைக் கிள்ளிவிட்டால் நல்ல விதை பிடிப்பதில்லை என்று கண்டு, 1694இல் தாவரங்களுக்கும் பால் உண்டு என எழுதினார். லின்னேயஸ் 1751இல் உறுப்புச் சொற்களை வரையறுத்து ஒழுங்கு செய்தார். கனி, விதை பற்றிய கெர்ட்னரின் பெருநூல் 1788இல் வெளிவரத் தொடங்கியது.

இவற்றைத் தமிழில் சொல்லும் தேவை பள்ளிப் பாடங்களோடு வந்தது. 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியல் கலைச்சொற்களுக்கெனச் சங்கம் அமைத்தனர். 1954 முதல் 1968 வரை பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு பத்துத் தொகுதிகளாக வந்த கலைக்களஞ்சியம் அறிவியல் தமிழுக்குப் பெருந்துணை செய்தது. எல்லாத் தேர்வுகளும் சிறந்தவை அல்ல. பூந்தூளுக்குத் தாது என்ற தெளிவான சொல் இருந்தும், வடமொழியில் பூந்தேனைக் குறிக்கும் மகரந்தமே பாடநூல்களில் நிலைத்தது. இது இழப்புதான்.

கனியின் சொற்களைத் தேங்காயில் நேரே காணலாம். பச்சைத் தோல் வெளியுறை, நார் நடுவுறை, சிரட்டை உள்ளுறை, மூன்றும் சேர்ந்து கனியுறை. சிரட்டையை ஒட்டியிருக்கும் மெல்லிய பழுப்புத் தோல் விதையுறை. வெள்ளைப் பருப்பும் இளநீரும் கருவுக்கான உணவாகிய முளைசூழ்தசை. முளைத்த காயை உடைத்தால் கிடைக்கும் தேங்காய்ப்பூ, பெயரில் பூவாயினும், அந்த உணவை உறிஞ்சிப் பருத்த வித்திலைப் பகுதி. பலாவில் நாம் தின்னும் சுளையோ, ஒவ்வொரு சிறு பூவின் இதழ்வட்டம் சதைப்பற்றாக வளர்ந்தது.

தமிழகமும் இலங்கையும் தனித்தனியே சொல்லாக்கம் செய்ததால் வேறுபாடுகள் உள்ளன. தமிழகத்தின் மகரந்தத்தாள் இலங்கையில் கேசரம், சூலகத்தண்டு தம்பம், சூலகமுடி குறி. சூலகம் என்பது தமிழக நூல்களில் பெண்ணுறுப்பு முழுவதையும், இலங்கை நூல்களில் சூற்பையை மட்டும் குறிக்கும். இரு நாட்டு நூல்களையும் படிப்பவர் இச்சொல்லைக் காணும்போது, நூல் எங்கு வெளியானது என்பதைப் பார்த்தே பொருள்கொள்ள வேண்டும்.