நிற்கவைக்கும் கடை: தமிழ்நாட்டு ஜவுளிக்கடைகளும் உட்காரும் உரிமையும்

2021 செப்டம்பர் 6ஆம் நாள் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டமன்றத்தில் மிகச் சிறிய மசோதா ஒன்றை அறிமுகம் செய்தார். 1947ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்று ஒரு பிரிவைச் சேர்ப்பதே அதன் வேலை. ஒவ்வொரு நிறுவனத்திலும் பணியாளர் அனைவருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே வாய்ப்பு நேரும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம். வேலை நேரம் முழுக்கக் கால்கடுக்க நிற்கும் நிலை கூடாது. இவ்வளவுதான் பிரிவின் சாரம். மசோதா சிக்கலில்லாமல் நிறைவேறியது. 2019 செப்டம்பரில் கூடிய மாநிலத் தொழிலாளர் ஆலோசனைக் குழுவிலேயே இதற்கு ஒருமனதாக ஒப்புதல் கிடைத்திருந்தது.

அந்த ஒருமனதுதான் எனக்கு உறுத்துகிறது. முதலாளிகள் தரப்பு முகம் சுளிக்காமல் ஒப்புக்கொண்ட சட்டம் அவர்களிடமிருந்து எதை வாங்கியது? நாற்காலி வாங்கும் செலவை வாங்கியது. பணியாளர் எப்போது உட்காரலாம் என்று முடிவுசெய்யும் அதிகாரத்தை வாங்கவில்லை. கடைத் தொழிலாளரின் மனக்குறை அந்த அதிகாரத்தைப் பற்றியது. அதைத் தொடாமலே சட்டம் நிறைவேறிவிட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நின்றுகொண்டு விற்பது ஜவுளி வணிகத்தின் இயல்பு என்று நினைப்பது தவறு. பழைய ஜவுளிக்கடையில் தரையில் மெத்தை போட்டு வெள்ளை விரிப்பு விரித்திருப்பார்கள். விற்பவரும் வாங்குபவரும் அதில் சம்மணமிட்டு எதிரெதிரே உட்கார, நடுவில் சேலைகள் விரியும். பேரமும் குடும்ப விசாரிப்பும் உட்கார்ந்தபடியே நடக்கும். பட்டுச்சேலை விற்கும் சில ஊர்களில் இந்த வழக்கம் இன்னும் முற்றாக அழியவில்லை. கண்ணாடிக் கவுண்டரும் பல மாடிக் கட்டடமும் வந்தபோது கடையின் கணக்கு மாறியது. வாடிக்கையாளர் நடந்து பார்ப்பவர் ஆனார். பணியாளர் சரக்கோடு சரக்காகக் காட்சியில் நிறுத்தப்பட்டார். ஒரே நிறச் சேலையும் கோட்டும் அணிந்து, வாசலிலிருந்து கடைசிக் கவுண்டர் வரை வரிசையாக நிற்கும் பெண்கள் கடையின் அலங்காரத்தில் ஒரு பகுதி. அவர்கள் உட்கார்ந்தால் அலங்காரம் குலையும். ‘உட்கார்ந்திருந்தால் கஸ்டமருக்கு மரியாதை இல்லை’ என்று மேற்பார்வையாளர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணத்துக்கு வயது அதிகமில்லை. உட்கார்ந்து விற்ற தாத்தாவை மரியாதை தெரியாதவர் என்று யாரும் சொன்னதில்லை.

சென்னை தியாகராய நகரின் பெரிய கடை ஒன்றில் ஒரு பணியாளரின் நாள் எப்படிப் போகிறது? கடை திறப்பதற்கு முன்பே வந்து மேல்விரிப்பை எடுத்து, தூசி தட்டி, அடுக்கைச் சீராக்க வேண்டும். பிறகு இரவுவரை சேலையை உருவுவது, உதறி விரிப்பது, தோளில் போட்டுக் காட்டுவது, பிடிக்கவில்லை என்றதும் அடுத்தது. ஒருவர் பார்த்துவிட்டுப் போன குவியலை மடித்து முடிப்பதற்குள் அடுத்த குடும்பம் வந்துவிடும். லிஃப்ட் வாடிக்கையாளருக்கு, படிக்கட்டு பணியாளருக்கு என்பது பல கடைகளில் எழுதாத விதி. சாப்பாடு முறைவைத்து. கழிவறைக்குப் போக ஃப்ளோர் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொல்லக் கூச்சப்பட்டே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் பெண்கள் உண்டு. சிறுநீர்த் தொற்றும், கால் வீக்கமும், கெண்டைக்காலில் இரத்த நாளம் சுருட்டிக்கொள்ளும் வெரிகோஸ் வெயினும் இந்த வேலையோடு சேர்ந்தே வருபவை. ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் வந்தால் மேலே சொன்ன அனைத்தும் இரட்டிப்பாகும்.

ஆனால் கூட்டமுள்ள நேரத்தைவிடக் கூட்டமில்லாத நேரமே கொடியது. செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு மாடியில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. சட்டம் சொல்லும் ‘வாய்ப்பு’ இதுதான். சூப்பர்வைசருக்கும் அப்போது வேறு வேலை இல்லை. அவர் கண் முழுக்கப் பணியாளர் மேல். தலைக்கு மேலே கேமரா. சும்மா நிற்பதும் குற்றமாகிவிடுவதால், மடித்த சேலையையே கலைத்து மீண்டும் மடிக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு மதியத்தில் கவுண்டருக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் பார்த்தேன். அதன்மேல் கட்டைப்பைகளும் பிளவுஸ் துண்டுகளும் இடுப்புயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஆய்வாளர் வந்தால் ஸ்டூல் இருக்கிறது, சட்டம் நிறைவேறியிருக்கிறது.

இருக்கையைச் சட்டத்தில் எழுதுவது புதிய யோசனையும் அல்ல. கடைப் பெண்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று பிரிட்டன் 1899இலேயே தனிச் சட்டம் இயற்றியது. மூன்று பெண்களுக்கு ஒரு இருக்கையாவது வேண்டும் என்று எண்ணிக்கையும் சொன்னது. இந்தியாவில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு, நின்று வேலைசெய்ய நேரும் தொழிலாளருக்கு உட்கார வசதி கேட்டது. ஆலைத் தொழிலாளிக்கு ஏட்டிலாவது இருந்த அந்த உரிமை தமிழ்நாட்டின் கடைத் தொழிலாளிக்கு வந்து சேர 73 ஆண்டுகள் பிடித்தன. ஆலைக்குள் சங்கம் இருந்தது, கடைக்குள் இல்லை என்பது இந்தத் தாமதத்துக்கு நான் காணும் முதற்காரணம்.

கேரளத்தோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைகளில் வேலைசெய்த பெண்கள் முதலில் கேட்டது கழிவறை. விஜி பள்ளித்தொடியின் முன்முயற்சியில் உருவான ‘பெண்கூட்டு’ அமைப்பு அந்தக் கோரிக்கையிலிருந்து வளர்ந்தது. 2014இன் இறுதியில் திருச்சூர் ஜவுளிக்கடை ஒன்றின் பெண் பணியாளர்கள் நடத்திய போராட்டத்துக்கு ‘இரிக்கல் சமரம்’ என்றே பெயர், உட்காருவதற்கான போராட்டம். 2018இல் கேரள அரசு தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியபோது மிட்டாய்த் தெருவின் குரல் அதற்குள் இருந்தது. அங்கும் எல்லாக் கடையும் திருந்திவிட்டதாக நான் சொல்லமாட்டேன். ஆனால் சட்டத்தை மீறும் முதலாளிக்கு எதிரே அதைக் கேட்டு வாங்கிய பெண்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அதே உரிமை ஆலோசனைக் குழுவின் மேசையிலிருந்து இறங்கி வந்தது. நம்முடைய ரங்கநாதன் தெரு வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ திரைப்படத்துக்குக் (2010) களமானது, சங்கத்துக்குக் களமாகவில்லை.

ஏன் ஆகவில்லை? பணியாளருக்கு விழிப்புணர்வு இல்லை என்று இதற்குப் பதில் சொல்வது சோம்பேறித்தனம். பெரிய கடைகளின் பணியாளர் பலர் தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து தெரிந்தவர் வழியாக அழைத்துவரப்பட்டவர்கள். தங்குவது கடை நடத்தும் விடுதி, சாப்பிடுவது கடையின் மெஸ். வேலை போனால் அன்றிரவே படுக்க இடம் போகும். ஊரில் சொல்லி அனுப்பியவரின் பெயரும் கெடும், அடுத்த ஆண்டு வரவேண்டிய தங்கையின் வேலையும் போகும். இத்தனையையும் பணயம் வைத்து ஒரு ஸ்டூலுக்காக யார் புகார் எழுதுவார்? மனம் கொதித்தாலும் வாய் திறக்காமல் இருப்பது அந்த நிலையில் அறிவுள்ள முடிவுதான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு: சம்பளமே குறைவாக இருக்கும்போது நாற்காலியைப் பற்றிப் பேசுவது ஆடம்பரம். வரலாறு இதை ஆதரிக்கவில்லை. பெரம்பூர் பி அண்டு சி ஆலைத் தொழிலாளர் தங்கள் குறைகளைச் செல்வபதி செட்டியாரிடமும் இராமானுஜுலு நாயுடுவிடமும் கொண்டுபோனபோது, அவற்றுள் முக்கியமானவை மதியச் சாப்பாட்டுக்கு விட்ட குறுகிய நேரமும் மேலதிகாரிகள் நடத்திய விதமும். 1918 ஏப்ரலில் பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததற்கும், திரு.வி.க. அதில் முன்னின்றதற்கும் பின்னால் கூலி மட்டும் இல்லை. சோற்றை நிதானமாக மென்று விழுங்கும் உரிமையும் இருந்தது. கூலிக் கோரிக்கையும் உடல் சார்ந்த கோரிக்கையும் ஒன்றையொன்று தள்ளிவிடுவதில்லை. இரண்டாவது கோரிக்கைதான் பெரும்பாலும் ஆட்களை முதலில் ஒன்றுசேர்க்கிறது.

சங்கம் குரல் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று ஒன்று உண்டு. 2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அப்போதைய ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்தன. சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடிய 1923க்குச் சரியாக நூறாண்டு கழித்து, மே தினத்தன்று, மசோதா திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். பத்தே நாள். 12 என்ற எண்ணைச் சுவரொட்டியில் அடிக்கலாம், அதற்காகக் குரல் கொடுக்கச் சங்கங்களும் இருந்தன. மதியம் மூன்று மணிக்குக் காலியான ஸ்டூலில் உட்காரமுடியாமல் நிற்பதைச் சுவரொட்டியில் அடிப்பது கடினம். (பழைய மகாபலிபுரம் சாலையின் கணினி நிறுவனங்களில் நிலைமை நேர்த் தலைகீழ்: அங்கே எழுந்திருப்பதுதான் கணக்கில் ஏறுகிறது. சில நிறுவனங்களின் மென்பொருள் விசைப்பலகை ஓய்ந்த நிமிடங்களைக் குறித்துவைக்கிறது. உட்காரவைப்பதும் நிற்கவைப்பதும் ஒரே அதிகாரத்தின் இரண்டு வேலைகள்.)

22-அ பிரிவு பயனற்றது என்று சொல்ல நான் வரவில்லை, அது அரைகுறையானது. அதே 1947 சட்டத்தின் 9ஆம் பிரிவு எவ்வளவு கறாராகப் பேசுகிறது என்று பாருங்கள்: நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, நான்கு மணி நேர வேலைக்குப் பின் ஒரு மணி நேர ஓய்வு. கடிகாரத்தைப் பார்த்து ‘மீறப்பட்டது’ என்று யாரும் சொல்லிவிடலாம். இருக்கைக்கும் அப்படியொரு அளவு தேவை. இத்தனை பணியாளருக்கு இத்தனை இருக்கை. அது கவுண்டருக்குப் பின்னால் சரக்கு வைக்கப்படாமல் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் இல்லாதபோது உட்கார அனுமதி கேட்கத் தேவையில்லை. உட்கார்ந்ததைக் காரணம் காட்டிச் சம்பளம் பிடித்தால் அதுவும் குற்றம். ஆய்வாளர் கடைக்குள் மட்டும் போனால் போதாது. பணியாளர் வாய்திறக்கக்கூடிய இடம் விடுதி. அங்கே, மேலாளர் உடனில்லாமல், இரவு பத்து மணிக்குப் பிறகு போய்க் கேட்க வேண்டும்.