பழைய பிக்கப் டிரக்கில் ஃபியூல் இன்ஜெக்‌ஷன்: பெட்ரோல் டேங்கையும் ஏன் மாத்தணும்?

அமெரிக்காவில் 1967 முதல் 1972 வரை வெளிவந்த செவர்லே சி10 பிக்கப் டிரக்குகளுக்கு இன்றும் ரசிகர்கள் ஏராளம். கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் ஃபியூல் இன்ஜெக்‌ஷன், சுருக்கமாக இஎஃப்ஐ, பொருத்துபவர்களும் உண்டு. புது கிட் போட்ட பிறகும் வளைவில் இன்ஜின் திணறுதா? முதலில் பார்க்க வேண்டிய இடங்களில் ஒன்று பழைய டேங்க்.

கார்புரேட்டருக்கு ஓகே, இஎஃப்ஐ-க்கு ஏன் ஆகாது?

கார்புரேட்டருக்கு 4 முதல் 7 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். அதற்குள் ஒரு சின்ன அறையில் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் நிற்கும். டேங்கிலிருந்து ஓரிரு விநாடி வரலைன்னாலும் வண்டி சமாளிச்சிடும்.

இஎஃப்ஐ-யில் அந்தக் கையிருப்பு கிடையாது. இப்போது கிடைக்கும் பல த்ராட்டில் பாடி கிட்டுகளுக்குச் சுமார் 58 பிஎஸ்ஐ அழுத்தம் இடைவிடாமல் வேண்டும். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது வளைவில் திரும்பினால், அது ஒரு பக்கமாக ஒதுங்கும். பம்ப் காற்றை இழுக்கும். அழுத்தம் சரியும், இன்ஜின் நின்றுகூடப் போகலாம்.

பம்ப்பை எங்கே வைக்கலாம்?

டேங்குக்கு வெளியே, சேஸிஸில் மாட்டுவது செலவு குறைவு. ஆனால் இந்த பம்ப்கள் நன்றாகத் தள்ளும், இழுப்பதில் சுமார்தான். அதனால் டேங்குக்குப் பக்கத்தில், அதைவிடத் தாழ்வாக வைக்கணும். சத்தமும் அதிகம்.

டேங்குக்குள் வைத்தால் பெட்ரோலே பம்ப்பைக் குளிர வைக்கும். சுற்றிலும் தடுப்போ சின்னத் தொட்டியோ இருந்தால், வளைவிலும் பம்ப் மூழ்கியே இருக்கும்.

சீட்டுக்குப் பின்னால் டேங்க்

இந்த சி10 மாடல்களில் டேங்க் இருப்பது கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால். அங்கே உயர் அழுத்த லைனில் கசிவு ஏற்பட்டால் ஆபத்து ஓட்டுநருக்குத்தான். அதனால் பலர் டேங்கை வண்டியின் பின்பகுதிக்கு, சரக்குத் தளத்துக்குக் கீழே மாற்றுகிறார்கள். பம்ப்போடு சேர்ந்த ரெடிமேட் டேங்குகளும் கிடைக்கின்றன.

மறக்கக் கூடாதவை

* ஹோஸ்: பழைய கார்புரேட்டர் ஹோஸ் இந்த அழுத்தத்துக்குத் தாங்காது. இன்ஜெக்‌ஷனுக்கான எஸ்ஏஇ 30ஆர்9 தர ஹோஸ் வேண்டும். டேங்குக்குள் மூழ்கும் ஹோஸுக்கு 30ஆர்10.

* ரிட்டர்ன் லைன்: ரெகுலேட்டர் இன்ஜின் பக்கம் இருந்தால், மிச்ச பெட்ரோல் டேங்குக்குத் திரும்ப வழி வேண்டும்.

* மீட்டர்: பழைய செவர்லே மீட்டருக்கு 0 முதல் 90 ஓம் சென்சார்தான் பொருந்தும். வேறு போட்டால் தப்பா காட்டும்.

* மின்சாரம்: பம்ப்புக்குத் தனி ரிலே, ஃபியூஸ் அவசியம். விபத்து நடந்தால் பம்ப்பை நிறுத்தும் இனெர்ஷியா சுவிட்சும் நல்லது.

பழைய டேங்கையே வெல்டிங் செய்து மாற்றலாமா?

காலி டேங்க்தானே என்று வீட்டில் முயற்சிக்கவே கூடாது. உள்ளே தங்கியிருக்கும் பெட்ரோல் ஆவி ஒரு பொறியில் வெடிக்கும். முறையாகச் சுத்தம் செய்யத் தெரிந்தவர்களிடம் மட்டுமே கொடுக்கணும்.

பட்ஜெட் போடும்போது கிட் விலையை மட்டும் பார்க்காமல், டேங்க், பம்ப், லைன் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுவது நல்லது.