பீரங்கியும் நாணலும்

நான் பள்ளியில் படித்தது பிரெஞ்சு மீடியம், புதுச்சேரியில். பிரெஞ்சில் 'கனோன்' என்றால் பீரங்கி. வேதாகமத்தில் சேர்ந்த நூல்களின் வரிசைக்கும் அதே சொல்தான். ஆகவே யாரோ ஒரு ராஜா பீரங்கியை நிறுத்தி வைத்து வேதத்தை முடிவு செய்தார் என்றே சிறுவயதில் நினைத்திருந்தேன். இரண்டுக்குமே மூலம் நாணல் என்பது பிற்பாடு தெரிந்தது. ஒன்று குழாயாயிற்று, மற்றது அளவுகோலாயிற்று.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை பார்த்தபோது, பக்கத்து மேஜைக்காரர் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர். அவர் பைபிளில் 66 நூல்கள். நான் பள்ளியில் பார்த்த கத்தோலிக்க பைபிளில் 73. "ஆளுக்கொரு வேதமா?" என்று கேலி செய்தேன். அவர் முகம் வாடிவிட்டது. "உங்க நாலாயிரத்தை எண்ணிக் கொடுத்தது யார் சார்?" என்று மட்டும் கேட்டார். ஒரு மாதம் பேச்சில்லை.

அந்தக் கேள்விதான் என்னைப் படிக்க வைத்தது. பவுலின் கடிதங்களைச் சபைகளில் உரக்க வாசித்தார்கள். நகல் எடுத்து அடுத்த ஊருக்கு அனுப்பினார்கள். சுமார் 140-ல் ரோமில் மார்சியன் என்பவர் பழைய ஏற்பாட்டைத் தள்ளிவிட்டு, லூக்காவையும் பவுலின் பத்துக் கடிதங்களையும் மட்டும், அவற்றையும் வெட்டித் திருத்தி, வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் எது நம்முடையது என்ற கேள்வி வலுத்தது. சுமார் 180-ல் லியோன் நகரத்து ஐரேனியஸ், சுவிசேஷங்கள் நான்கே என்று எழுதினார். யாக்கோபு, யூதா போன்ற கடிதங்கள் மீது வெகுகாலம் சந்தேகம் இருந்தது. 325-ல் கூடிய நிசேயா சங்கம் நூல் பட்டியல் எதுவும் போடவில்லை. இன்றுள்ள 27 நூல்களும் அப்படியே இருக்கும் முதல் பட்டியல், 367-ல் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியஸ் எழுதிய ஈஸ்டர் கடிதத்தில் இருக்கிறது. புதிய ஏற்பாட்டில் இரு தரப்புக்கும் அதே 27தான். வித்தியாசம் பழைய ஏற்பாட்டில்: புராட்டஸ்டன்டுகள் எபிரேய நூல்களோடு நின்றார்கள், கத்தோலிக்கர்கள் 1546-ல் திரிதெந்தில் 73-ஐ உறுதி செய்தார்கள்.

நம் கதையும் அதுதானே? பத்துப் பாசுரங்களைக் காதால் கேட்ட நாதமுனிகள், மீதியைத் தேடிப் போய்த் தொகுத்தார் என்பது மரபு. அவருக்குப் பிற்பட்ட இராமானுச நூற்றந்தாதியின் 108 பாசுரங்களும் பின்னர் நாலாயிரத்தில் சேர்ந்தன. ஆண்டாளின் முப்பது பாட்டையும் எந்தப் பீரங்கியும் காப்பாற்றவில்லை. பாடிய வாய்கள்தான் காப்பாற்றின.

இதையெல்லாம் எழுதி அவர் மேஜையில் வைத்தேன். படித்துவிட்டு, "டீ குடிக்கப் போவோமா சார்?" என்றார். இன்று அவர் இல்லை. மார்கழி விடியலில் திருப்பாவை கேட்கும்போதெல்லாம் அவர் கேட்ட கேள்வியும் சேர்ந்தே கேட்கிறது.